பிரித்து நட்ட சிம்பிடியம் வேர் பிடிக்காதபோது: நீலகிரி வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சிம்பிடியம், நீலகிரியின் குளிருக்கு நன்றாகப் பொருந்தி, உதகை, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் விரும்பி வளர்க்கப்படும் ஆர்க்கிட். நெருக்கமாகக் கிளைத்துச் சில ஆண்டுகளில் தொட்டியை அடைத்துக்கொள்ளும் இச்செடியைப் பூ முடிந்ததும் பிரித்து நடுவது வழக்கம். அப்படிப் பிரித்த பிறகு வரும் சிக்கல்களை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். கிடைத்தண்டு ஓடி, அதிலிருந்து நீரும் உணவும் சேமிக்கும் குமிழ்கள் வரிசையாக எழும்பும் செலோஜினி, ஆன்சிடியம், கேட்லியா, டென்ட்ரோபியம் ஆகியவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஒரே தண்டாக மேல்நோக்கி வளரும் ஃபெலனாப்சிஸ், வாண்டா ஆகியவற்றை இந்த முறையில் பிரிக்க இயலாது என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பிரிக்கும்போது செடி இழப்பது வேரை. சிம்பிடியத்தின் வேர் தடித்தது. அதைச் சுற்றிலும் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வெண்ணிறப் பஞ்சு உறை ஒன்று உண்டு. கட்டியைப் பிய்க்கும்போது ஒடிந்தும் நசுங்கியும் போன வேர்களில் பல மீண்டும் வேலைக்கு வருவதில்லை. செடியை நிலைநிறுத்தப் போவது புதுக் குருத்தின் அடியிலிருந்து இனிமேல் வரவேண்டிய வேர். அதுவரை இலைகள் முன்புபோலவே நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் நீரோ பாதிக்கும் குறைவாகியிருக்கும். ஆகவே இலையிலோ குமிழிலோ தெரிகிற கோளாறு எதுவானாலும், தண்ணீரையோ உரத்தையோ கையில் எடுக்குமுன் வேரின் நிலையை அறிந்துகொள்வதே முதல் வேலை. மலை வீடுகளில் பிரித்து நட்ட செடிகள் வறட்சியால் மடிவதைவிட, வாடிவிட்டதே என்று இரக்கப்பட்டு ஊற்றிய தண்ணீரால் மடிவதே அதிகம் என்பது என் கணிப்பு.

வேரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. குமிழின் கழுத்தைப் பிடித்து மெதுவாக அசைத்தால், பிடிப்புள்ள செடி தொட்டியோடு சேர்ந்து அசையும். பிடிப்பில்லாதது தனியே ஆடும். தொட்டியின் வடிதுளை வழியாகவும், தொட்டியில் நிரப்பிய கலவையின் மரப்பட்டைத் துண்டுகளை ஓரத்தில் விரலால் விலக்கியும் ஓரிரு வேர்களைப் பார்க்கலாம். வெள்ளையாகவும் விறைப்பாகவும் இருந்தால் உயிருள்ள வேர். நுனி பசுமையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் வேர். பழுப்பாகி, இழுத்தால் உறை கழன்று நடுவிலுள்ள நார் மட்டும் கையோடு வந்தால் செத்த வேர். தொட்டியைக் கையில் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்வது நல்லது. நீர் ஊற்றிய அன்று உள்ள கனமும் நான்கைந்து நாள் கழித்து உள்ள கனமும் கைக்குப் பழகிவிட்டால், மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கும் தொட்டி உங்களை ஏமாற்றாது.

குமிழ்கள் சுருங்கிக் கோடு விழுகின்றன

பிரித்த செடியில் முதலில் தெரியும் அறிகுறி இது. ஒன்றுக்கொன்று எதிரான மூன்று காரணங்களால் இது வரக்கூடும் என்பதால் பொறுமையாகப் பிரித்தறிய வேண்டும்.

இலை உதிர்ந்த மிகப் பழைய குமிழ் மட்டும் சுருங்கி, அதன் முன்னாலுள்ள இளைய குமிழ்கள் உருண்டையாகவே இருந்தால், கவலைப்பட ஒன்றுமில்லை. பழைய குமிழில் சேமித்த நீரும் உணவும் புதுக் குருத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்தக் குமிழ் அழுகி மெத்தென்று ஆகாதவரை அதை வெட்டி எறியக் கூடாது; வேரில்லாத நாட்களில் செடிக்குக் கைமுதலாக இருப்பது அதுதான்.

எல்லாக் குமிழ்களும் சுருங்கியிருந்து, தொட்டியும் எடையற்று இருந்தால், காரணம் உண்மையான வறட்சி. ஜனவரி முதல் மார்ச் வரை, மழையற்ற பகலில் வெயிலும் காற்றும் சேர்ந்து உலர்த்துகிற நாட்களில், குறிப்பாகக் குளிருக்கு ஹீட்டர் போடும் அறைகளில் இது நேர்கிறது. ஒருமுறை முற்றிலும் காய்ந்த மரப்பட்டைத் துண்டு நீரை எளிதில் ஏற்காது. மேலே ஊற்றிய நீர் இடுக்குகள் வழியாக ஓடி வடிதுளையில் வெளியேறிவிடும். ஊற்றியவருக்கோ போதிய நீர் ஊற்றிவிட்ட நிறைவு இருக்கும். இத்தகைய தொட்டியை ஒரு வாளி நீரில் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை இருபது நிமிடம் அமிழ்த்தி வைத்து, பிறகு எடுத்து நன்றாக வடியவிட வேண்டும். ஒரே வாளி நீரில் பல தொட்டிகளை அடுத்தடுத்து அமிழ்த்தக் கூடாது. ஒரு செடியின் அழுகல் நோய் மற்றவற்றுக்கும் பரவ அதுவே வழியாகிவிடும்.

எல்லாக் குமிழ்களும் சுருங்கியிருக்க, தொட்டி மட்டும் கனமாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்குமானால், வேர் செத்துவிட்டது. நீலகிரியில் அடிக்கடி நேர்வது இந்த மூன்றாம் வகைதான்; பலர் முதல் இரண்டோடு குழப்பிக்கொள்வதும் இதைத்தான். உறிஞ்ச வேரில்லாத செடி தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தால் வாடும். மேலும் மேலும் ஊற்றுவது மிச்சமிருக்கும் வேரையும் அழுகச் செய்யும். இதற்கு மூல காரணம் பெரும்பாலும் பெரிய தொட்டி. மூன்று குமிழ் உள்ள துண்டை, இனி வளரட்டும் என்று எண்ணி அகலமான தொட்டியில் நடுகிறோம். வேர் எட்டாத கலவை வாரக்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொண்டு புளித்துப்போகிறது. இரண்டு ஆண்டு வளர்ச்சிக்கு இடம் விட்டால் போதும். பழைய குமிழின் முதுகு தொட்டியின் சுவரை ஒட்டியும், குருத்து வரும் முகம் நடுவை நோக்கியும் இருக்கும்படி நட்டால் சிறிய தொட்டியே போதுமானதாகிவிடும்.

இத்தகைய செடியை மீட்கும் முறை பின்வருமாறு. செடியை வெளியே எடுத்து, பழைய கலவையை முழுவதும் உதறிவிட்டு, செத்த வேர்களை அடியோடு கத்தரிக்க வேண்டும். உயிருள்ள வேர் இரண்டு அங்குலம் இருந்தாலும் அதை விட்டுவைக்க வேண்டும். வெட்டிய முகங்கள் உலரும்வரை, ஒரு நாளோ இரண்டு நாளோ, காற்றோட்டமான நிழலில் கிடத்தலாம். குமிழில் நீர் இருப்பதால் செடிக்கு ஒன்றும் ஆகிவிடாது. பிறகு ஸ்பாக்னம் பாசியை நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குக் கையால் இறுகப் பிழிந்து, தெளிவான பாலித்தீன் பையின் அடியில் ஒரு பிடி இட்டு, செடியின் அடிப்பகுதி அதன்மேல் படியும்படி நிறுத்தி, பையின் வாயைத் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். பைக்குள் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் இலை நீரை இழப்பது குறைகிறது. அந்த அவகாசத்தில் குருத்தின் அடியில் வேர் முளைக்கிறது. பையின்மேல் நேர் வெயில் விழவே கூடாது. விழுந்தால் செடி ஒரு பகலில் வெந்துவிடும். வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, பூஞ்சணம் படர்ந்திருந்தால் பாசியை மாற்ற வேண்டும்.

இந்தப் பாசிக்காகச் சோலைக்காட்டு மரங்களைச் சுரண்ட வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எடுப்பது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பாசியோடு நத்தை முட்டைகளும் வீட்டுக்கு வந்து சேரும். அது சிறிது நாளில் அழுகி மக்கவும் செய்யும். நாற்றங்கால்களில் விற்கும் உலர்ந்த ஸ்பாக்னமே ஏற்றது.

பைக்குள் வைத்தும் ஒன்றரை மாதமாக எந்த அசைவும் இல்லை என்றால், குளிரைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். சிம்பிடியம் குளிரைத் தாங்கும் என்பது வேருள்ள செடிக்குப் பொருந்தும் உண்மை. வேர் முளைப்பதற்கு ஏறக்குறைய 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பம் உதவும். 2,200 மீட்டருக்கும் மேலான உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சூடேற்றாத அறைக்குள் அவ்வளவு கிடைப்பதில்லை. சமையலறையில் அடுப்பின் நேர்ச்சூடு படாத மேல் அலமாரியிலோ, குளிர்சாதனப் பெட்டியின் மேலோ, வெளிச்சம் ஓரளவு வருமானால், பையை வைக்கலாம்.

செடி தொட்டியில் நிலைகொள்ளாமல் ஆடுகிறது

காற்றடிக்கும்போது செடி ஆடினால், கலவையின் முனைகளில் உராய்ந்து, அப்போதுதான் வெளிவரும் வேர் நுனிகள் சிதைகின்றன. நுனி சிதைந்த வேர் அத்துடன் நின்றுவிடும். ஆகவே மெல்லிய மூங்கில் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, குமிழின் கழுத்தை அதோடு மென்மையான நூலால் கட்டிவைக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்துவதற்காகச் செடியை ஆழமாகப் புதைப்பது தவறு. குமிழின் அடிப்பாகம் மட்டும் கலவையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். குருத்தின் கணு மேலே தெரிய வேண்டும். குச்சி போதாவிட்டால், குமிழ்களைச் சுற்றி இரண்டு மூன்று பெரிய ஓட்டுச் சில்லுகளை அழுத்தி வைக்கலாம். அவற்றின் இடுக்கில் காற்றும் போகும்.

புதுக் குருத்து கறுக்கிறது. இழுத்தால் கையோடு வருகிறது

எல்லா அறிகுறிகளிலும் அவசரமானது இது. காலையில் குருத்தின் அடியில் பழுப்பான நீர்ப்புள்ளியாகத் தோன்றி, இரண்டொரு நாளில் குமிழுக்கும், அங்கிருந்து கிடைத்தண்டு வழியாக அடுத்த குமிழுக்கும் பரவும் கருப்பழுகல், ஈரமும் தேங்கிய நீரும் கிடைத்தால் வேகமெடுக்கும் பைட்டோப்தோரா, பித்தியம் வகை நுண்ணுயிரிகளால் வருவது. அழுகிய பகுதி கொழகொழவென்று நாற்றம் வீசினால், காரணம் பாக்டீரியா. இரண்டுக்கும் முதல் சிகிச்சை ஒன்றே: வெட்டுவது.

சவரக் கத்தியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, கறுப்பு முடிகிற இடத்தில் நிறுத்தாமல், அதைத் தாண்டி ஓர் அங்குலம் வரை நல்ல பசுந்தசையையும் சேர்த்து வெட்டி நீக்க வேண்டும். வெட்டு முகத்தில் ஒரு சிறு பழுப்புப் புள்ளி மிஞ்சியிருந்தாலும் அழுகல் மீண்டும் தொடங்கும். கத்தியை மறுபடி காய்ச்சி, மறுபடி வெட்ட வேண்டும். வெட்டு முகத்தில் இலவங்கப்பட்டைத் தூளைத் தடவலாம். அது தசையை விரைந்து உலர்த்தும். அதே காரணத்தால் அதை வேர்மேல் தூவக் கூடாது. தேயிலைத் தோட்டம் உள்ள வீடுகளில் கொப்புள நோய்க்காக வாங்கிய காப்பர் ஆக்சிகுளோரைடு கைவசம் இருக்கும். அதைச் சிறிது நீரில் குழைத்து வெட்டு முகத்தில் மட்டும் பூசலாம். செடி முழுவதும் தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தாமிரம் இளந்தளிரைக் கருக்கக்கூடும். டென்ட்ரோபியத்துக்கு அது நஞ்சு என்றே கொள்ளலாம். வெட்டிய பிறகு ஒரு வாரமாவது செடிக்கு நீர் ஊற்றாமல், காற்று வீசும் இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

குருத்து அழுகுவதற்குத் தொடக்கம், விசிறிபோல் விரியும் இளம் இலைகளின் நடுவே இரவு முழுவதும் நீர் தங்குவது. இந்த மலையில் மழையின் காலம் ஊருக்கு ஊர் மாறுவதால், காப்பு நடவடிக்கையும் மாற வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும். உதகையிலும் அதன் சாரலும் மூடுபனியும் வாரக்கணக்கில் தொடரும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. கூடலூரில் இருப்பவர் மார்ச்சுக்குள் பிரித்து நட்டுவிட்டால், மழை வருமுன் செடி வேர் பிடித்திருக்கும். மே மாத மலர்க் கண்காட்சிக்கு உதகை வந்து செடி வாங்கிப்போய் அந்த வாரமே பிரிப்பவர், வேரில்லாத செடியை நேரே மழைக்குள் தள்ளுகிறார். குன்னூரில் ஏப்ரல் வரை தள்ளிப்போனாலும் கெடுதல் இல்லை. எங்கிருந்தாலும், பிரித்த முதல் பருவமழைக்குச் செடியின் தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் ஷீட் கூரை ஒன்று இருக்க வேண்டும். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். நீர் ஊற்றுவதைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். காற்றே நாள் முழுவதும் ஈரமாக இருக்கும் மூடுபனி வாரங்களில், தொட்டி எடையற்றுப் போனாலொழிய நீர் ஊற்ற வேண்டியதே இல்லை.

வெட்டிய இடத்திலிருந்து நோய் பரவுகிறது

பிரித்தபோது கிடைத்தண்டில் விழுந்த வெட்டு முகத்தைக் கவனித்திருந்தால், பாதிச் சிக்கல் அன்றே தெரிந்திருக்கும். வெட்டு முகம் வெண்மையாகவோ இளம்பசுமையாகவோ இருந்தால் நலம். உள்ளே ஊதா அல்லது செந்நீல வளையம் தெரிந்தால், அது நீர்க்குழாய்களை அடைக்கும் ஃப்யூசேரியம் என்ற பூஞ்சணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. கேட்லியாவில் இது பெயர் பெற்ற நோய். வளையம் மறையும்வரை வெட்டிக்கொண்டே போய், மிஞ்சியதை மட்டும் நட வேண்டும். மறையவில்லையென்றால் செடியை எரித்துவிட வேண்டும். குப்பைக் குழியில் போடுவது நோயைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வதாகும்.

இலைகள் மஞ்சளாகின்றன

எந்த இலை என்பதே கேள்வி. பழைய குமிழின் வெளிப்புற இலைகள் ஒவ்வொன்றாக நுனியிலிருந்து மஞ்சளாகி உதிர்வது, வேர் குறைந்த செடி தன் சுமையைத் தானே குறைத்துக்கொள்வது, உதிரட்டும். இளைய குமிழின் இலைகளும் சேர்ந்து மஞ்சளானால் மீண்டும் வேரைப் பார்க்க வேண்டும். முன்பு கூறிய மூன்றாம் வகையாகவே அது இருக்கக்கூடும். இலை முழுவதும் சீராக வெளிறி, ஆனால் விறைப்பாகவே இருந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டது.

இவற்றிலெல்லாம் சேராத ஒன்று உண்டு. புதிதாக வரும் இலையில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நரம்பின் போக்கில் மஞ்சள் கீற்றுகளும் கட்டம் கட்டமான திட்டுகளும் தெரிந்து, இலை முதிர முதிர அவை கறுத்துக் குழிந்தால், சிம்பிடியம் மொசைக் வைரஸ் தொற்றியிருக்கலாம். இதற்கு மருந்து இல்லை. பிரித்தலின்போதே இது பரவுகிறது: ஒரே கத்தியால் பத்துச் செடியை வெட்டினால், முதல் செடியின் சாறு பத்தாவது செடி வரை போய்ச் சேரும். ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைப்பதை நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொரு செடிக்குப் பிறகும் கத்தியைத் தீயில் காய்ச்ச வேண்டும், அல்லது செடிக்கொரு சவரக் கத்தியைப் பயன்படுத்திவிட்டு எறிய வேண்டும். வைரஸ் இருப்பதாகத் தோன்றும் செடியைத் தோழிக்குப் பிரித்துக் கொடுப்பது நட்புக்கு அழகல்ல.

இலை நுனி கருகுகிறது

பெரும்பாலும் உப்பு. கலவையில் சேர்க்கும் தேங்காய் மட்டைத் துண்டுகள் சமவெளியிலிருந்து வருபவை. மட்டையை உப்புநீரில் ஊறவைத்திருந்தால் அந்த உப்பு துண்டிலேயே தங்கியிருக்கும். வாங்கியதும் இரண்டு மூன்று நாள் வாளியில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றி, பழுப்புச் சாயம் குறைந்த பிறகே நட வேண்டும். நட்டாகிவிட்டதென்றால், வடிதுளை வழியாகத் தாராளமாக ஓடும்படி பத்து நிமிட இடைவெளியில் மும்முறை நீர் ஊற்றிக் கழுவலாம். மலை ஊற்று நீரும் மழைநீரும் உப்பற்றவை என்பதால், நீலகிரியில் நீரைக் குறை சொல்வதற்கு வாய்ப்புக் குறைவு. உரத்தைத்தான் ஐயப்பட வேண்டும். பிரித்த செடிக்குப் புது வேர் ஓர் அங்குலமாவது நீளும்வரை எந்த உரமும் வேண்டாம். அதன்பின் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு அரை கிராம் என்ற அளவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். சாணமும் பிண்ணாக்கும் ரோஜாவுக்கு நல்லவை. காற்று வேண்டும் இந்த வேருக்கு அவை கலவையை அடைத்துவிடும்.

இலையில் வெள்ளைத் திட்டும், வெந்ததுபோன்ற தழும்பும்

திட்டு இலையின் மேல்முகத்தில், வெயில் நேராகப் படும் வளைவில் மட்டும் இருந்தால், அது வெயில் சுட்டது. மூடுபனி வாரங்களில் நிழலுக்குப் பழகிய இலை, மேகம் விலகிய முதல் நாளில் எளிதில் கருகும். உயரம் கூடக் கூட வெயிலின் கூர்மையும் கூடும். ஐம்பது விழுக்காட்டு நிழல்வலை போதும். காய்ந்த திட்டு பரவாது. அந்த இலையை வெட்டவும் வேண்டாம்.

இரவில் நலமாக இருந்து காலையில் இலை நீர் கோத்துக் கண்ணாடிபோல் தெரிந்தால், உறைபனி பட்டிருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதகையின் பள்ளமான பகுதிகளில், சரிவின் மேலிருந்து இறங்கும் குளிர்காற்று தேங்குவதால் இது நேரும். அந்தச் செடியைக் காலை வெயிலில் வைத்துச் சூடாக்கக் கூடாது. நிழலிலேயே மெல்ல இளகட்டும். பிரித்த முதல் குளிர்காலத்தில் செடி இரவில் கூரைக்கடியில் இருப்பதே சரி.

வேர் நுனி வெளியே வந்து, மறுநாள் காணாமல் போகிறது

நத்தை அல்லது ஓடில்லா நத்தை. ஓர் இரவில் ஒரு மாத வளர்ச்சியைத் தின்றுவிடும். பட்டைத் துண்டுகளின் இடுக்கில் பகல் முழுவதும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வெளிவரும் என்பதால், மழை விட்ட இரவில் எட்டு மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே உறுதியான வழி. வெள்ளரிக்காய்த் துண்டையோ முட்டைக்கோஸ் இலையையோ கலவையின்மேல் வைத்துவிட்டு விடியுமுன் புரட்டிப் பார்த்தாலும் சிக்கும். தொட்டியைத் தரையில் வைக்காமல் கம்பிப் பலகையில் ஏற்றி வைத்தால் பாதி குறையும்.

எறும்பு ஏறுகிறது, இலையடியில் பஞ்சு

எறும்பு வருவது மாவுப்பூச்சியின் அல்லது செதில் பூச்சியின் தேன்கழிவுக்காக. இலையின் அடிமடிப்பில் ஒளிந்திருப்பதைப் பழைய பல்துலக்கியும் சோப்பு நீரும் கொண்டு தேய்த்து எடுத்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்போடு கலக்கி மாலையில் தெளிக்க வேண்டும். ஒரு முறையோடு தீராது. வாரம் ஒன்றாக மூன்று முறையாவது தேவைப்படும். வறண்ட மாதங்களில் இலையின் அடிப்பக்கம் வெள்ளித்தூள் பூசியதுபோல் இருந்தால் அது சிலந்திப்பேன். இலையின் அடியை நீரால் பீய்ச்சிக் கழுவுவதே பெருமளவு கட்டுப்படுத்தும்.

எந்தக் கோளாறும் இல்லை. எந்த வளர்ச்சியும் இல்லை

குமிழ் உருண்டையாக இருக்கிறது, இலை பசுமையாக இருக்கிறது, ஆனால் மாதங்கள் கழிந்தும் குருத்தில்லை என்னும் நிலையில், செடியைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்குவது கடினம். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத புது வேர் நுனிகள் ஒடிகின்றன என்பதால், இந்த ஒரு நிலையில் மட்டும் ஒன்றும் செய்யாதிருப்பதே செய்ய வேண்டியது.

காரணத்தை யோசித்துப் பார்க்கலாம். ஒரு துண்டில் இலையுள்ள குமிழ் குறைந்தது மூன்று இருந்தால் அது விரைவில் எழும். ஒற்றைக் குமிழாகப் பிரித்தால் உயிர் பிழைக்கும், ஆனால் பூக்கும் அளவுக்கு வளரப் பல ஆண்டு பிடிக்கும். தொட்டியிலிருந்து எத்தனை துண்டு எடுக்கலாம் என்ற கணக்கில் இறங்குபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. மழைக்காலத்தின் நடுவிலோ குளிர்காலத் தொடக்கத்திலோ பிரித்திருந்தால், செடி அடுத்த வசந்தம் வரை உறங்கும். பிப்ரவரி, மார்ச்சில் பகல் சற்று வெதுவெதுப்பானதும் கணுவில் பச்சை மொட்டு தெரியும். இலையே இல்லாத பின்குமிழைத் தனியே நட்டிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அதன் அடிக்கணுவில் காய்ந்த செதிலை மெல்ல உரித்துப் பார்த்தால், பருத்த பசிய கண் ஒன்றாவது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். கண்கள் எல்லாம் பழுப்பாகிக் காய்ந்திருந்தால், அந்தக் குமிழ் எத்தனை பசுமையாக இருந்தாலும் முளைக்காது.

நன்றாக வளர்கிறது; பூக்கவில்லை

பிரித்த ஆண்டில் பூ வராதது இயல்பு; இரண்டாம் ஆண்டிலும் வராதது பொதுவாகக் காணப்படுவதே. மூன்றாம் ஆண்டில் இலை கரும்பச்சையாகவும் தொங்கியும் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. மஞ்சள் கலந்த பச்சையே சரியான நிறம். பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பம் நன்றாக இறங்குவது மொட்டுக்கு வேண்டும். இரவில் 10 முதல் 14 டிகிரி வரை குளிர்கிற செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வேர் பிடித்த செடியைச் சன்னலுக்கு உள்ளே அடைத்து வைத்துப் பூவை எதிர்பார்க்க முடியாது. இதற்கு நேர்மாறாக, பிரித்த சில மாதங்களிலேயே, வேர் பிடிக்காத செடி ஒரு பூந்தண்டை நீட்டுவதும் உண்டு. அதை மகிழ்ச்சியோடு வளரவிட்டால், குமிழில் இருக்கும் மிச்சமும் பூவுக்கே போகும். விரலளவு நீண்டதும் கிள்ளிவிட வேண்டும்.